"எங்க வாங்கின?" அந்தக் கேள்விய யாருமே கேக்கல

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் சங்ககிரி பக்கம் ஒரு லாரி ஆபீஸ்ல கணக்கு எழுதுறவன், 22 வருஷம் ஆச்சு. எழுத்துத் தமிழ் எனக்கு அவ்வளவா வராது, பேசுற மாதிரியே எழுதிருக்கேன், நீங்க திருத்திப் போட்டாலும் சரி, அப்படியே போட்டாலும் சரி. கடைசில பேர் போடாம விட்டதுக்குக் காரணம் இருக்கு, படிச்சுட்டு வந்தீங்கன்னா உங்களுக்கே தெரியும்.

போன மாசம் எங்க ஆபீஸ்ல ரெண்டு மூணு வண்டி ஓனருங்க உக்காந்து பேசிட்டு இருந்தாங்க. அதுல ஒருத்தர் குட்டியானை வச்சிருக்கவரு, இன்சூரன்ஸ் முடியப்போகுது. அவரு சொன்ன கணக்கு இது: "பிரீமியம் 16,000 சொச்சம் வருது, இன்சூரன்ஸ் இல்லாம மாட்டுனா ஃபைன் 2000 தான், வருஷத்துல ஒரு தடவ மாட்டுனாலும் 14,000 மிச்சம். அதுலயும் கைல ஒரு டூப்ளிகேட் இன்சூரன்ஸ் பேப்பர் இருந்துச்சுன்னா அந்த 2000 கூட இல்ல." எல்லாரும் சிரிச்சாங்க. பக்கத்துல இருந்தவரு உடனே "பேப்பர் வேணும்னா சொல்லு, 1500க்கு ஒருத்தன் போட்டுத் தர்றான்"ன்னாரு, ஏதோ கொரியர் அனுப்புற மாதிரி சாதாரணமா. நான் சிரிக்கல. ஏன்னா அந்த 1500 ரூபா பேப்பரு எங்க குடும்பத்துல என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியும்.

மொதல்ல அந்த 2000 கணக்குக்கு வரேன். அவரு சொன்னதுல பாதி உண்மைதான். இன்சூரன்ஸ் இல்லாம வண்டி ஓட்டுனா மோட்டார் வாகனச் சட்டம் 196வது பிரிவு, 2019 திருத்தத்துக்கு அப்புறம் மொதல் தடவ 2000 ரூபா, மறுபடி மாட்டுனா 4000, இல்லன்னா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். ஜெயிலுக்கெல்லாம் யாரும் அனுப்புறதில்ல, செலான் போட்டு விட்டுடுவாங்க, அதனால சனங்க மனசுல 2000ங்கிறது மட்டும்தான் நிக்குது. ஆனா போலிப் பேப்பர் வச்சிருக்கிறது இந்த 2000 கணக்குலயே வராதுங்கிறது பாதிப் பேருக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் போடாம இருக்கிறது ஒரு தப்பு. போட்ட மாதிரி ஒரு பேப்பரத் தயார் பண்ணிக் காட்டுறது வேற தப்பு, அதுக்குப் பேரு ஃபோர்ஜரி, அது டிராஃபிக் கேஸே கிடையாது, கிரிமினல் கேஸ்.

எங்க மாப்பிள்ளை, அதான் தங்கச்சி வீட்டுக்காரர், அவரோட விபத்துக் கேஸுக்காக ஒரு வக்கீல் சார்கிட்ட ரெண்டு வருஷமா நடந்துட்டு இருக்கேன், அவரு சொல்லித்தான் இதெல்லாம் எனக்கே தெரியும். 2024 ஜூலை 1ல இருந்து ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதான்னு புதுச் சட்டம் வந்துடுச்சு, அதுல 336வது பிரிவு போலி ஆவணம் தயாரிக்கிறது. சும்மா போலி பண்ணுனா ரெண்டு வருஷம் வரைக்கும், ஒருத்தர ஏமாத்துறதுக்குன்னே பண்ணிருந்தா ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், கூடவே அபராதம். காசு வாங்கி ஏமாத்துனதுக்கு 318(4), அதுதான் நம்ம பழைய நானூத்தி இருபது, அதுவும் ஏழு வருஷம் வரைக்கும், ஸ்டேஷன்ல ஜாமீன் தர முடியாது, கோர்ட்டுதான் தரணும். அப்புறம் ஓனருங்க கண்டிப்பா படிக்க வேண்டியது 340வது பிரிவு, பழசுல அது 471. பேப்பர நீ அடிச்சியா இல்லையாங்கிறது அதுக்கு முக்கியம் இல்ல, போலின்னு தெரிஞ்சே நெசம் மாதிரி நீட்டுனா, அடிச்சவனுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை உனக்கும். "நான் பேப்பரா வச்சிக்கல சார், போன்ல பிடிஎஃப் தான் காட்டுனேன்"ன்னு சொன்னாலும் ஆகாது, எலக்ட்ரானிக் ரெக்கார்டும் அதுல அடங்கும்.

இங்க ஒரு விஷயம் இருக்கு, வக்கீல் சார் அதை எனக்கு ரெண்டு மூணு தடவ வெளக்குனாரு. சட்டத்துல "தெரிஞ்சு"ன்னு மட்டும் இல்ல, "போலின்னு நம்புறதுக்குக் காரணம் இருந்தும்"னும் இருக்கு. அப்போ "ஏஜென்ட் குடுத்தாரு சார், எனக்கு ஒண்ணுமே தெரியாது"ன்னு சொல்றவர்கிட்ட கோர்ட்டு அடுத்த கேள்வி கேக்கும், எவ்வளவு குடுத்து வாங்குனீங்கன்னு. 16,000 ரூபா சமாச்சாரத்த 1500க்கு வாங்கிட்டு எனக்கு சந்தேகமே வரலைன்னு சொன்னா எந்த ஜட்ஜு நம்புவாரு? அதே நேரம் முழுக் காசும் குடுத்து ஏமாந்தவரும் இருக்காரு, அவர இதே தராசுல வைக்கக் கூடாது. ரெண்டு பேரையும் பிரிச்சுப் பாக்குறதுக்குச் சட்டத்துலயே எடம் இருக்கு, பிரிச்சுப் பாக்கத்தான் ஆள் இல்ல.

இப்போ இந்தப் பேப்பர எப்படி அடிக்கிறாங்கன்னு சொல்றேன், கணக்குப்பிள்ளைங்கிறதால எல்லா வண்டி பேப்பரும் என் கை வழியாத்தான் போகும், பாத்துப் பாத்து எனக்கு ஓரளவு புடிபட்டுடுச்சு. பழைய காலத்து ஆளுங்க போன வருஷ பாலிசிய ஸ்கேன் பண்ணி தேதிய மட்டும் மாத்துவாங்க. எழுத்து சைஸு கொஞ்சம் வித்தியாசமாத் தெரியும், ஆரம்பத் தேதி மாறியிருக்கும், கீழ பிரீமியம் கட்டுன தேதி பழசாவே இருக்கும், பாத்தாலே சிரிப்பு வரும். இன்னொரு ரகம், வேற எவனோ ஒருத்தரோட நெச பாலிசிய எடுத்து அதுல வண்டி நம்பரையும் பேரையும் மட்டும் மாத்துறது. பாலிசி நம்பர் நெசம், கம்பெனி நெசம், ஆனா அந்த நம்பர் எங்கயோ ஒரு ஊர்ல ஒரு ஸ்கூட்டருக்குச் சொந்தம்.

மூணாவது ரகம்தான் எமகாதகத் தொழில். கம்பெனி வெப்சைட்டுக்கே போய், நம்ம வண்டி நம்பரையே போட்டு, வண்டி வகைல மட்டும் சரக்கு வண்டின்னு போடாம டூ வீலர்னு போட்டு நெசமாவே காசு கட்டிடுவாங்க. 2022 ஜூன்ல வந்த தேர்டு பார்ட்டி (நம்ம வண்டியால அடிபட்டவங்களுக்கு ஈடு குடுக்கிற கட்டாய இன்சூரன்ஸ்) ரேட்டுப்படி 75 சிசிக்கு உள்ள இருக்க டூ வீலருக்கு வருஷத்துக்கு 538 ரூபா. 7500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டிக்கு 16,049. நாப்பது டன்னுக்கு மேல போற பெரிய வண்டின்னா 44,242. ஜிஎஸ்டி தனி. 538 ரூபா கட்டிட்டு வர்ற பிடிஎஃப்ல "டூ வீலர்"ங்கிறத அழிச்சுட்டு சரக்கு வண்டின்னும், 538ங்கிறத 16,049ன்னும் மாத்திட்டா முடிஞ்சுது. ஓனர்கிட்ட எட்டாயிரமோ பத்தாயிரமோ வாங்கிக்கிட்டு "நம்மகிட்ட டிஸ்கவுன்ட் அண்ணே"ன்னு சொல்லிடுவான். தேர்டு பார்ட்டி பிரீமியத்துல ஏஜென்ட் தர்ற டிஸ்கவுன்ட்டே கிடையாது, எந்தக் கம்பெனில போட்டாலும் அரசாங்கம் சொல்ற ஒரே ரேட்டுதான், இது ஓனர்ல பத்துல எட்டு பேருக்குத் தெரியாது. இந்த ரகப் பேப்பர்ல என்ன கொடுமைன்னா, ரோட்டுல போலீஸ்காரர் வண்டி நம்பரத் தட்டுனா மெஷின்ல இன்சூரன்ஸ் இருக்குன்னு வரும், காலாவதி தேதி கூட சரியா வரும். ஏன்னா பாலிசி நெசமாவே இருக்கு, அந்த வண்டி நம்பர்லயே இருக்கு, லாரிக்கு ஸ்கூட்டர் பாலிசி.

இதுல கம்பெனிங்க மேலயும் எனக்குக் கோவம் உண்டு. ஒரு வண்டி நம்பர அடிச்சா அது லாரியா ஸ்கூட்டரான்னு அரசாங்கத்தோட வண்டிப் பதிவு ரெக்கார்டு 'வாகன்'ல அப்படியே கெடக்கு. அதை எடுத்து ஒப்பிட்டுப் பாத்துட்டு "இது சரக்கு வண்டி, டூ வீலர் பாலிசி தர முடியாது"ன்னு சிஸ்டமே மறுத்துட்டா இந்த மூணாவது ரகத் தொழில் ஒரே நாள்ல படுத்துடும். போன் ரீசார்ஜ் பண்றதுக்கு நம்பர் தப்பாப் போனா ஏத்துக்காத காலம் இது, லாரி நம்பருக்கு ஸ்கூட்டர் பாலிசி ஏத்துக்குதுன்னா என்ன சொல்றது.

இன்னொண்ணு, ஏன் சரக்கு வண்டிக்காரங்க இதுல அதிகமா மாட்டுறாங்கன்னும் யோசிச்சிருக்கேன். நம்ம கோயமுத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்குலதான் 2018ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிச்சு, அந்த வருஷம் செப்டம்பர்ல இருந்து புதுசா வாங்குற காருக்கு மூணு வருஷம், டூ வீலருக்கு அஞ்சு வருஷம் தேர்டு பார்ட்டி சேத்தே போடணும்னு. அதனால புது கார், புது பைக் கொஞ்ச வருஷம் தப்பிச்சிடுது. குட்டியானைக்கும் லாரிக்கும் அப்படி இல்ல, வருஷா வருஷம் புதுப்பிக்கணும், எஃப்சிக்கு (வண்டி தகுதிச் சான்று) போகணும்னாலும் இன்சூரன்ஸ் கரண்ட்ல இருக்கணும். டீசல், டயரு, டியூ, எல்லாத்துக்கும் நடுவுல மொத்தமா ஒரு தொகை கட்டணும்ங்கிறப்ப ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல லேப்டாப்போட உக்காந்திருக்கவன் கடவுள் மாதிரி தெரிவான்.

இனி எங்க வீட்டுக் கதை. என் தங்கச்சி வீட்டுக்காரர் தறி ஓட்டுறவரு. 2023 ஆரம்பத்துல நைட் ஷிப்ட் முடிச்சு சைக்கிள்ல வரும்போது ஒரு குட்டியானை பின்னாடி இருந்து அடிச்சிருச்சு. உசுருக்கு ஒண்ணும் ஆகல, வலது கால் முட்டிக்குக் கீழ நொறுங்கிப் போச்சு. வண்டிக்காரரு ஓடல, நல்ல மனுஷன்னுதான் சொல்லணும், அவரே ஆம்புலன்ஸ்க்கு போன் பண்ணி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாரு. ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போட்டாங்க, அவரு ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் குடுத்தாரு. "இன்சூரன்ஸ் கரண்ட்ல இருக்கு, கவலைப்படாதீங்க, கேஸ் போட்டீங்கன்னா கம்பெனி குடுத்துடும்"ன்னு ஸ்டேஷன்லயே ஆறுதல் சொன்னாங்க. நாங்களும் நம்புனோம். அந்த வண்டிக்காரரும் நம்புனாரு போல, எனக்கு இன்னைக்கும் அதுல சந்தேகம் தீரல.

எம்சிஓபி போட்டோம். அதான் மோட்டார் விபத்து இழப்பீட்டு கேஸு, எங்க ஊர்ல எல்லாரும் எம்சிஓபின்னுதான் சொல்லுவாங்க. ஒரு வருஷம் கழிச்சு இன்சூரன்ஸ் கம்பெனி கவுன்டர், அதான் பதில் மனு, போடுது: இந்த பாலிசி நம்பர் நாங்க வேற மாவட்டத்துல ஒரு ஸ்கூட்டருக்குக் குடுத்தது, இந்த வண்டிக்கும் எங்களுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. அவ்வளவுதான். அவங்க ஆளு ரெக்கார்டோட கூண்டுல ஏறி சாட்சி சொல்லிட்டுப் போயிட்டாரு.

நான் வக்கீல் சார்கிட்ட கேட்டேன், டிரைவர் லைசென்ஸ் போலியா இருந்தா கூட கம்பெனி குடுத்ததா எங்க ஆபீஸ் கேஸ்லயே பாத்திருக்கேனேன்னு. ஆமாங்க, அது வேறன்னாரு. லைசென்ஸ்ல கோளாறுன்னா மொதல்ல அடிபட்டவருக்குக் கம்பெனி கட்டிட்டு அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு கோர்ட்டு சொல்லும், 2004ல சுப்ரீம் கோர்ட்டுல ஸ்வரண் சிங் கேஸ்ல அத வெளக்கமா சொல்லிருக்காங்க. ஏன்னா அங்க பாலிசின்னு ஒண்ணு இருக்கு. இங்க பாலிசியே இல்லையே, கம்பெனிக்கும் அந்த வண்டிக்கும் ஒப்பந்தமே இல்ல, யாரப் போய் கட்டச் சொல்றது. போலி லைசென்ஸ விட போலி இன்சூரன்ஸ் அடிபட்டவருக்கு எவ்வளவு பெரிய அடின்னு அன்னைக்குத்தான் எனக்கு ஒறச்சுது.

போன வருஷம் தீர்ப்பு வந்துச்சு, 9 லட்சத்துச் சொச்சம், ஓனர் கட்டணும்னு. ஓனர் எங்க கட்டுவாரு. வாடகை வீடு, அந்த ஒரு வண்டிதான் பொழப்பு, அதுவும் டியூ கட்டாம ஃபைனான்ஸ்காரங்க தூக்கிட்டாங்க. 2022 ஏப்ரல்ல இருந்து ஒரு ரூல் இருக்குன்னு பின்னாடி தெரிஞ்சுது, ஆக்சிடென்ட் பண்ணுன வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லன்னா வண்டிய விடக் கூடாது, ஓனர் ஜாமீன் எதுவும் கட்டலைன்னா மூணு மாசம் கழிச்சு மாஜிஸ்ட்ரேட் ஏலம் விட்டு அந்தக் காச தீர்ப்பாயத்துல கட்டணும்னு. எங்க கேஸ்ல வண்டிய ஒரு வாரத்துல விட்டுட்டாங்க. ஏன்? இன்சூரன்ஸ் இருக்கே, பேப்பர் ஃபைல்ல இருக்கே! அந்த 1500 ரூபா காகிதம் ரோட்டுல ஃபைன்ல இருந்து மட்டும் காப்பாத்தல, ஏலத்துல இருந்தும் வண்டியக் காப்பாத்திருச்சு, மாப்பிள்ளைக்குக் கெடைக்க வேண்டிய கடைசி ரெண்டு மூணு லட்சத்தையும் சேத்து முழுங்கிருச்சு.

இதுல சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியாத ஒண்ணு சொல்றேன். அந்த வண்டிக்காரரு அன்னைக்கு அடிச்சுட்டு நிக்காம ஓடியிருந்தா, வண்டியே கண்டுபிடிக்க முடியாமப் போயிருந்தா, அடிச்சுட்டு ஓடுன கேஸ்னு அரசாங்கத்துல இருந்து பெருங்காயத்துக்கு 50,000 ரூபா வந்திருக்கும், செத்திருந்தா ரெண்டு லட்சம். 2022 ஏப்ரல்ல இருந்து அதுதான் தொகை. மனுஷத்தன்மையோட நின்னாரு, அதனால அந்த 50,000ம் இல்ல. 2025 மே மாசத்துல இருந்து ஆக்சிடென்ட்டுக்கு ஏழு நாள், ஒன்றரை லட்சம் வரைக்கும் காசில்லா சிகிச்சைன்னு மத்திய அரசு திட்டம் வந்திருக்கு, நல்ல விஷயந்தான், ஆனா மாப்பிள்ளைக்கு மூணு ஆபரேஷன், மூணாவது ஆபரேஷன் நடந்ததே பத்தாவது மாசத்துல. தறிக்கு முன்னாடி எட்டு மணி நேரம் நிக்குற கால் அது. இப்போ ஒரு பெட்டிக்கடைல உக்காந்திருக்காரு, தங்கச்சி தறிக்கு நூல் தார் சுத்தப் போறா.

2022ல மட்டும் தமிழ்நாட்டுல 64,105 ரோடு ஆக்சிடென்ட், 17,884 பேர் செத்திருக்காங்க, ஆக்சிடென்ட் எண்ணிக்கைல நாட்டுலயே நாமதான் மொதலிடம். நாட்டுல ஓடுற வண்டில கிட்டத்தட்ட பாதிக்கு இன்சூரன்ஸ் இல்லைன்னு நாடாளுமன்றக் குழுவே சொல்லுது. அந்தப் பாதிய சிஸ்டத்துல பாத்தாலே தெரிஞ்சிடும், இருக்குன்னு சொல்ற மீதில எத்தனை ஸ்கூட்டர் பாலிசி லாரிக்குள்ள ஒளிஞ்சிருக்கோ.

சரி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். கவுன்டர் வந்ததுக்கு அப்புறம் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். "சார், இன்சூரன்ஸ் போலின்னு கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கு"ன்னேன். அங்க இருந்தவரு பொறுமையாத்தான் பேசுனாரு, "அதான் 196 சேத்து ஓனர் மேல போட்டாச்சே, ஃபைன் கட்டிட்டாரு"ன்னாரு. நான் கேட்டேன், இந்தப் பேப்பர் எங்க வாங்குனதுன்னு அவர்கிட்ட கேட்டீங்களா சார்னு. அதுக்கு அவரு என்னப் பாத்த பார்வை இருக்கே, ஏதோ நான் வேற பாஷைல பேசுன மாதிரி.

ஆனா சட்டம் அதே கேள்விய எழுதி வச்சிருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்துல 206வது பிரிவு, வக்கீல் சார் புக்க எடுத்துக் காட்டுனாரு. டிரைவர் காட்டுற லைசென்ஸோ, பர்மிட்டோ, ஆர்சியோ, இன்சூரன்ஸ் சான்றிதழோ போலின்னு நம்புறதுக்குக் காரணம் இருந்தா போலீஸ் அதிகாரி அதைப் பறிமுதல் பண்ணலாம், இது உன்கிட்ட எப்படி வந்துச்சுன்னு டிரைவரையோ ஓனரையோ கணக்குச் சொல்லச் சொல்லலாம். 1988ல வந்த சட்டம். அப்போ பிடிஎஃப்பும் இல்ல, ஆன்லைனும் இல்ல, ஆனா அத எழுதுன ஆளுக்கு புத்தி இருந்திருக்கு. எங்க வாங்குனன்னு ஒரு கேள்வி கேட்டா ஓனர் புரோக்கர் பேரச் சொல்லுவாரு, புரோக்கர் எந்த பிரவுசிங் சென்டர்ல அடிச்சான்னு சொல்லுவான், அந்தக் கம்ப்யூட்டரத் தொறந்தா நூறு வண்டியோட பேப்பர் இருக்கும். அந்த நூறு வண்டியும் இன்னைக்கு ராத்திரி ரோட்டுல ஓடிட்டு இருக்கு, அதுல எது யாரு கால ஒடைக்கப் போகுதோ. செலான் மெஷின்ல 2000 தட்டிட்டா கேள்வி அங்கயே செத்துடும். பேப்பரும் டிரைவர் கைலயே திரும்பப் போயிடும், அடுத்த செக் போஸ்ட்டுல காட்டலாம்.

நான் தண்டனைய ஏத்துங்கன்னு கேக்கல. ஏழு வருஷத்த பத்து வருஷம் ஆக்குங்க, ஆயுள் போடுங்கன்னு எழுதுறவங்க நெறைய பேர் இருக்காங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஏழு வருஷம்ங்கிறது சின்னத் தண்டனையா? யாருக்கும் குடுக்காத ஏழு வருஷம் எதுக்கு, ரோட்டோரத்துல பேரம் பேசத்தான் அது ஒதவும், "ஏழு வருஷம் உள்ள போறியா, இல்ல..."ன்னு. மாட்டுறதும் எப்பவும் ஓனர், இல்லன்னா சம்பளத்துக்கு ஓட்டுற டிரைவர். அந்த டிரைவருக்கு பேப்பர் நெசமா போலியான்னு என்ன தெரியும், மொதலாளி குடுத்த ஃபைலத்தான் டேஷ்போர்டுல வச்சிருப்பான். பேப்பர் அடிச்சவன் டீ குடிச்சுட்டு இருப்பான். ஒவ்வொரு எம்சிஓபிலயும் பாலிசி போலின்னு கம்பெனி சொன்ன உடனே, அந்த ஃபைல் நேரா கிரைம் பிராஞ்சுக்குப் போகணும், கோர்ட்டே அனுப்பலாம், கம்பெனியே புகார் குடுக்கலாம். கம்பெனிங்க குடுக்கிறதில்ல, "எங்களுக்கு பொறுப்பு இல்ல"ன்னு தீர்ப்பு வந்தாப் போதும், அதோட அவங்க வேலை முடிஞ்சுது.

வண்டி வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்றேன், எனக்குத் தெரிஞ்சத. காச ஏஜென்ட்டோட சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பாதீங்க, கம்பெனி பேருக்குப் போகணும், இன்சூரன்ஸ் சட்டம் 64விபி பிரிவுப்படி பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராம ரிஸ்க் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. பாலிசி வந்த அன்னைக்கே அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்ல பாருங்க, அதோட நிறுத்திடாதீங்க, கம்பெனி வெப்சைட்டுல பாலிசி நம்பரப் போட்டு நீங்களே பிடிஎஃப்ப எறக்குங்க, ஏஜென்ட் வாட்ஸாப்ல அனுப்புனதையும் அதையும் பக்கத்துல வச்சு வண்டி வகை, சேஸிஸ் நம்பர், கட்டுன பிரீமியம் இந்த மூணையும் ஒப்பிட்டுப் பாருங்க. க்யூஆர் கோடு இருக்கேன்னு ஏமாறாதீங்க, ஸ்கேன் பண்ணுனா என்ன வருதுன்னு பாருங்க. சந்தேகம்னா 155255க்குப் போன் போடுங்க, அது இன்சூரன்ஸ் ஆணையத்தோட புகார் நம்பர்.

இப்போ பேர் ஏன் போடலைங்கிறதுக்கு வரேன். மாப்பிள்ளை கேஸ்ல அந்த கவுன்டர் வந்த அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. மறுநாள் ஆபீஸ்ல உக்காந்து எங்க மொதலாளியோட ஒன்பது வண்டி பேப்பரையும் ஒவ்வொண்ணா கம்பெனி வெப்சைட்டுல போட்டுப் பாத்தேன். எட்டு சரி. ஒன்பதாவது, பத்து டயர் வண்டி, டூ வீலர்னு வந்துச்சு. 538 ரூபா. அந்தப் பேப்பர ஏழு மாசம் முன்னாடி வாங்கி, பஞ்ச் பண்ணி, ஃபைல்ல வச்சவன் நான்தான். ஏழு மாசம் அந்த வண்டி கல்கத்தா வரைக்கும் போய்ட்டு வந்திருக்கு. மொதலாளிகிட்டப் போய்ச் சொன்னேன், அவரு மொகம் வெளுத்துப் போச்சு, அவரு முழுசாக் காசு குடுத்திருந்தாரு, பாவம், அது எனக்கே தெரியும், நான்தான் வவுச்சர் எழுதுனேன். அன்னைக்கு மத்தியானமே புது பாலிசி போட்டாச்சு. போட்டுட்டு, போலீஸ்ல புகார் குடுக்கலாமான்னு கேட்டேன். "வேணாம்பா, நாளைக்கு நம்மளையும்தான் கூப்புட்டு உக்கார வைப்பாங்க, ஏழு மாசம் ஓட்டிருக்கோம்ல, கமுக்கமா விட்டுரு"ன்னாரு. விட்டுட்டேன். அந்த புரோக்கர்கிட்ட சண்டை போட்டு காசு திரும்ப வாங்குனதோட சரி, அவனும் மறு பேச்சு பேசாம எடுத்துக் குடுத்துட்டான்.

ஸ்டேஷன்ல போய் நியாயம் கேட்ட அதே ஆளுதான் நான். எங்க வாங்குனன்னு கேள்வி கேக்க மாட்டேங்கறாங்கன்னு உங்களுக்கு ரெண்டாயிரம் வார்த்தைல எழுதுறேன், எனக்கு எங்க வாங்குனதுன்னு தெரியும், எந்த டேபிள்னு தெரியும், யாரும் கேக்கல, நானும் போய்ச் சொல்லல.

முந்தாநேத்து ஒரு வண்டி எஃப்சிக்காக ஆர்டிஓ ஆபீஸ் போயிருந்தேன். அதே மரத்தடி, அதே லேப்டாப், இப்போ புதுசா ஒரு பிரிண்டரும் வாங்கிருக்கான். என்னப் பாத்து "வாங்கண்ணே, எப்படி இருக்கீங்க"ன்னான். முன்னாடி நாலு பேர் ஆர்சி புக்கோட நின்னுட்டு இருந்தாங்க.

இப்படிக்கு,
ஒரு லாரி ஆபீஸ் கணக்குப்பிள்ளை,
சங்ககிரி.